சின்ன முள் இன்னும் ஏழுக்குப் போகவில்லை

எனக்கு மூன்றாம் வகுப்பு இல்லை. பெயிலாகவும் இல்லை, கெட்டித்தனத்தால் தாண்டிப் போகவும் இல்லை. அந்த வகுப்பே எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் வகுப்பு முடிகிற நேரம் யுத்தம் வந்து சண்டிலிப்பாயை விட்டு வெளிக்கிட்டோம். தென்மராட்சிக்குப் போய், அங்கிருந்து இன்னும் தள்ளிப் போய், ஊருக்குத் திரும்பி வர ஒன்றரை வருடமாகிவிட்டது. வந்ததும் பள்ளிக்கூடத்தில் வயதைக் கேட்டார்கள், உயரத்தைப் பார்த்தார்கள், நான்காம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். நடுவில் ஒன்று குறைகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது. ஒரு வருடப் படிப்பு மிச்சம்.

அந்த மிச்சம் என்ன வேலை செய்து வைத்திருக்கிறது என்பது என் மகளின் கணிதப் புத்தகத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

நான் வெங்காயத் தோட்டக்காரன். படிப்பு பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. பிறகு அப்பாவின் தோட்டத்துக்குள் இறங்கியவன் இன்னும் வெளியே ஏறவில்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில். இதை நான் சொல்லத் தேவையில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சந்தோசமாகச் சொல்வார்கள்.

எங்களுடையது பங்குக் கிணறு. மூன்று குடும்பத்துக்குச் சொந்தம். ஒரே மோட்டர், ஒரே தொட்டி; தொட்டியிலிருந்து மூன்று தோட்டத்துக்கும் மூன்று வாய்க்கால் பிரிந்து போகும். ஒருவருடைய முறை முடிந்ததும் அடுத்தவர் வந்து முந்தியவருடைய வாய்க்காலை மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டுத் தன்னுடையதைத் திறப்பார். மழை விட்டு இறைப்புத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடம் பிந்தினாலும் ஒருவர் முகம் கறுக்கும். செவ்வாயும் வெள்ளியும் விடிய ஆறு மணியிலிருந்து ஏழரை வரை பெரியப்பாவின் மகனுடைய முறை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்னுடையது. அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என்னிலும் பத்து வயது மூத்தவர். இடம்பெயர்ந்த அன்று என்னைத் தன் சைக்கிள் பாரில் இருத்தி, சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

முறையில் தகராறு வரக்கூடாது என்று அண்ணை தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர் மணிக்கூட்டைக் கொண்டுவந்து மோட்டர் கொட்டிலில் கொழுவினார். நீல விளிம்பு, உள்ளே ஒரு சோடி அன்னம். எனக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. சின்ன வயதில் வெளிநாட்டு மாமா அனுப்பிய கைக்கடிகாரம் இலக்கத்தில் நேரம் காட்டுகிற வகை. பிறகு போன் வந்துவிட்டது. வட்ட மணிக்கூட்டை எனக்கு ஒருவரும் படிப்பித்ததில்லை. பார்த்துப் பார்த்து நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். பெரிய முள் மேலே நின்றால் சரியான மணி, கீழே நின்றால் அரை, வலப்பக்கம் கால், இடப்பக்கம் முக்கால். சின்ன முள் எந்த இலக்கத்துக்குக் கிட்ட நிற்கிறதோ அதுதான் மணி. இதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்று இருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு தை மாதம். மகள் அப்போது கைக்குழந்தை. அவள் அழுத அழுகையில் வழக்கத்தைவிட நேரத்தோடு எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். பனிப்புகாரில் பக்கத்துப் பனை தெரியவில்லை, சூரியன் எங்கே என்றே சொல்ல முடியவில்லை. என் போன் அதற்கு முதல் கிழமைதான் கிணற்றுக்குள் விழுந்து செத்திருந்தது. கொட்டிலுக்குள் எட்டி மணிக்கூட்டைப் பார்த்தேன். பெரிய முள் ஒன்பதில். சின்ன முள் ஏழோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஏழே முக்கால். என் முறை தொடங்கிக் கால் மணித்தியாலம் போய்விட்டது, தண்ணீர் இன்னும் அண்ணையின் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானா கேட்கிறவன்? மண்வெட்டியை எடுத்து அண்ணையின் வாய்க்காலை அடைத்து என்னுடையதைத் திறந்துவிட்டேன்.

தண்ணீர் நின்றதும் அண்ணை பாத்திகளுக்குள் இருந்து வந்தார்.

“ஏன்ரா தண்ணியை மாத்தினனி?”

“ஏழரைக்கு என்ரை முறை. இப்ப ஏழே முக்கால். கால் மணித்தியாலமா என்ரை தண்ணி உங்கடை பாத்தியிலை ஓடுது.”

அண்ணை கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். “மணிக்கூட்டை வடிவாப் பார்.”

“வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன். எனக்குக் கண் தெரியும்.”

நான் போட்ட சத்தத்துக்கு மூன்றாவது பங்காளியும் பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேரும் வந்து வாய்க்கால் வரம்பில் நின்றார்கள். பங்காளி தன் போனை எடுத்துப் பார்த்தார். ஆறு ஐம்பது. அவ்வளவு சத்தம் போட்டபிறகு வாயை மூடிக்கொண்டு போக முடியுமா? மணிக்கூட்டின்மேல் பாய்ந்தேன்.

“அப்ப உந்த மணிக்கூடு பொய்! ஒரு மணித்தியாலம் கூட ஓடுற மணிக்கூட்டைக் கொண்டுவந்து கொழுவி வைச்சு எங்களைப் பேயராக்கிறியளோ?”

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. வரம்பில் நின்றவர்கள் கொட்டிலுக்குள் வருவதற்கு முன் அதை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஓம், மணிக்கூடு பிழைதான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு நடந்தார். பாதிப் பாத்தி தண்ணீர் காணாமல் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரே ஒப்புக்கொண்டாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில், கோயில் வீதியில், சலூனில், எங்கே நாலு பேர் நின்றாலும் இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னேன். பட்டம் வைக்காவிட்டால் எங்கள் ஊருக்கு நித்திரை வராது. அண்ணைக்குப் ‘பிழை மணி’ என்று பெயர் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட மறைவில் நின்று கூப்பிட்டார்கள். அந்த மனிதர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. என்னோடு கதைப்பதையும் விட்டுவிட்டார். நானும் கதைக்கவில்லை. வீட்டுப் பெண்கள் வேலியால் கறி மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஏழு வருடம் ஒரே தொட்டித் தண்ணீரை ஊமைகளாய் மாற்றிக்கொண்டோம்.

இந்த வருடம் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அரசாங்கப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்து உறை போடச் சொல்லி என் மடியில் போட்டாள். புது மை மணத்தது. கணிதம், தமிழ், சைவநெறி, சுற்றாடல். பழுப்புத் தாளை மடித்துக்கொண்டிருந்தவன் இடையில் நிறுத்திவிட்டேன். எனக்குக் கிடைக்காத வருடம் முழுவதும் என் மடியில் கிடக்கிறது என்ற நினைப்பு வந்தது. ஆனால் நான் வளர்ந்த ஆள். மூன்றாம் வகுப்பில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று உறையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் தவணையில், சோளகக் காற்று அடிக்கிற ஒரு பின்னேரம், பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு மணிக்கூடு வெட்டிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள். இரண்டு முள்ளையும் நடுவில் ஓர் ஊசியால் குத்தியிருந்தாள். வீட்டில் ஆட்களிடம் கேட்டுப் பழகும்படி பள்ளிக்கூட ரீச்சர் சொன்னாராம்.

“அப்பா, இப்ப எத்தினை மணி?”

“மூண்டு.”

“சரி. இப்ப?”

“அஞ்சரை.”

“இப்ப?”

பெரிய முள் ஒன்பதில். சின்ன முள் ஏழுக்குக் கிட்ட.

“ஏழே முக்கால்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பிழை! ஆறே முக்கால்.”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? சின்ன முள்ளு ஏழிலை எல்லோ நிக்குது.”

“ஏழிலை நிக்கேல்லை அப்பா. ஏழுக்குப் போய்க்கொண்டிருக்கு. இன்னும் போகேல்லை. போறதுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருக்கு.” அப்படியே ரீச்சரின் குரல். நான் நம்பாமல் இருந்ததைக் கண்டு புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கத்தில் ஐந்து மணிக்கூடுகள் வரிசையாக. ஆறு. ஆறேகால். ஆறரை. ஆறே முக்கால். ஏழு. முதலாவதில் ஆறில் நின்ற சின்ன முள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நாலாவதில் ஏழைத் தொடப் போகிறது. தொடவில்லை.

நாலாவது மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தேன். அதற்கு அன்னம் இல்லை, நீல விளிம்பு இல்லை. மற்றதெல்லாம் அதேதான். பனிப்புகாருக்குள் நின்று நான் பார்த்த அதே முள், அதே இடம். அண்ணையின் மணிக்கூடு பொய் சொல்லவில்லை. ஏழு வருடமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“என்னப்பா, தேத்தண்ணி ஆறுது” என்றாள் மனைவி.

சின்ன முள் நடக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது மணிக்கு ஒரு தரம் அடுத்த இலக்கத்துக்குப் பாயும் என்று நினைத்திருந்தேன் போலும். ஒரு நாளும் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது, அது எப்போதும் வழியில்தான் இருக்கிறதென்று.

அடுத்த நாளிலிருந்து ஒரு திருட்டு வேலை தொடங்கினேன். அவள் அன்றைக்குக் கொண்டுபோகாத புத்தகத்தை உரப்பையில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். தண்ணீர் பாத்திக்குப் போகிற இடைவெளியில் கொட்டிலில் இருந்து வாசிப்பேன். முப்பத்தெட்டு வயதில் மூன்றாம் வகுப்புப் படித்தேன். சிலதைத் தோட்டம் எனக்கு முன்னரே படிப்பித்திருந்தது. நிழல் எப்போது குட்டையாகும், சூரியனைப் பார்த்து நின்றால் வடக்கு எந்தக் கைப்பக்கம் என்றெல்லாம் புத்தகம் சொல்லி நான் அறியத் தேவையில்லை. ஆனால் இலக்கங்களைப் பத்துப் பத்தாகக் கட்டுகிற விதத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பத்து ஈர்க்கு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெரிய கட்டு. கழித்தலில் பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்தக் கட்டை அவிழ்ப்பதுதானா! நான் அதை முப்பது வருடமாக மந்திரம் மாதிரிச் செய்துகொண்டிருந்தேன். சரியாக வந்தது, ஏன் வருகிறது என்று கேட்கவில்லை. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை.

சுற்றாடல் புத்தகத்தில் மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி வந்தது. என் மகள் மலையைக் கண்டதில்லை. ஆறென்றால் அவளுக்கு மழை காலத்தில் மட்டும் தலைகாட்டுகிற வழுக்கியாறுதான். ஆனாலும் தன் கொப்பியில் மலையைக் கீறி, அதற்கு நடுவால் நீலத்தில் ஆறு இறக்கியிருந்தாள். மலைநாட்டில் ஒரு பிள்ளை அதே பக்கத்தைத் திறந்து, தான் காணாத கடலைக் கீறிக்கொண்டிருக்கும். சிங்களத்திலும் அதே படங்கள்தானாம். நாடு முழுக்க எட்டு வயதுப் பிள்ளைகள் இந்தக் கிழமையில் ஆறே முக்காலைப் படிக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. யாரோ ஓரிடத்தில் இருந்து யோசித்திருக்கிறார்கள்: முதலில் முழு மணியைக் காட்டு, பிறகு அரையை, பிறகு காலை, முக்காலைக் கடைசியாக வை, அங்கேதான் பிள்ளை தடுமாறும். நான் தடுமாறப்போகிற இடம் அவர்களுக்கு முதலே தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை எனக்காகத்தான் எழுதினார்கள். அது வந்த நேரம் நான் வகுப்பில் இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்காது. மணி பார்க்கத் தாங்கள் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்ததாக நினைப்பார்கள். எவரோ ஒருவர் வெண்கட்டியோடு நின்று, ஒரு வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ, அதை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். விட்டுப்போனவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய கொடை என்று தெரியும்.

மனைவியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “உதை என்னட்டை ஏன் சொல்லுறியள்? போய் அவரிட்டைச் சொல்லுங்கோ. ஏழு வருசம் காணாதோ?” என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் போனேன். படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் திரும்பிப் போக வெளிக்கிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி கண்டுவிட்டு, நேற்றும் வந்து போனவனைக் கூப்பிடுவது மாதிரி, “வாவன் தம்பி, ஏன் வெளியிலை நிக்கிறாய்?” என்றார். அண்ணை விறாந்தைக் கதிரையில் இருந்தார். அவருக்கு மேலே சுவரில் அந்த மணிக்கூடு. நீல விளிம்பு மங்கியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது.

பூசி மெழுக எனக்குத் தெரியும், அன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை. “அண்ணை, உங்கடை மணிக்கூடு சரி. எனக்குத்தான் பார்க்கத் தெரியேல்லை. பிள்ளையின்ரை மூண்டாம் வகுப்புப் புத்தகத்திலைதான் இப்ப படிச்சனான்” என்றேன்.

அவர் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சோ கழட்டினீங்கள்?”

“பின்னை? அவங்கள் உள்ளுக்கு வந்து பாத்தா மணிக்கூடு சரி எண்டு கண்டிடுவாங்கள். முப்பது வயசு ஆம்பிளைக்கு மணி பார்க்கத் தெரியாது எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவாங்கள். உன்ரை கோவத்துக்கு நீ தோட்டத்தையே விட்டிட்டுப் போயிருப்பாய்.” தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “நீ மூண்டாம் வகுப்புப் படிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? உன்னைச் சைக்கிளிலை வைச்சுக் கொண்டு போனதே நான்தானே.”

அவர் மானத்தை விற்று என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதை வைத்தே நான் அவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்படியும் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? கும்பிடவேண்டும் போல இருந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப சொல்லு பாப்பம்” என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார். “இப்ப எத்தினை மணி?”

பெரிய முள் ஒன்பதில். சின்ன முள் ஐந்துக்குக் கிட்ட. அண்ணி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலே முக்கால். அஞ்சுக்கு இன்னும் போகேல்லை.”

“ஓம்” என்றார் அண்ணை. எழும்பி மணிக்கூட்டைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் ஏழு மணிக்கே தோட்டத்துக்குப் போனபோது அது கொட்டிலில் பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழரைக்கு அண்ணை மண்வெட்டியோடு வாய்க்காலை மாற்ற வந்தார்.

“விடுங்கோ அண்ணை. எட்டேகால் வரைக்கும் உங்கடை பாத்திக்குப் போகட்டும். அண்டைக்கு முக்கால் மணித்தியாலம் வெட்டினனான்.”

“உனக்கென்ன விசரோ?”

“போய்த் தண்ணியைப் பாருங்கோ.”

சிரித்துக்கொண்டு போனார். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மணிக்கூட்டுக்கு நேரே இருந்தேன். மூன்றாவது பங்காளி வரம்பால் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன, பிழை மணியின்ரை மணிக்கூடு திரும்ப வந்திட்டுதோ?” என்றார். பக்கத்துத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் எழும்பி வெளியே வந்தேன். ஏழு வருடத்துக்கு முன் போட்ட அதே சத்தத்தில் சொன்னேன். “மணிக்கூடு அண்டைக்கும் சரி. இண்டைக்கும் சரி. எனக்குத்தான் மணி பார்க்கத் தெரியேல்லை. அண்ணை என்னைக் காப்பாத்தத்தான் கழட்டினவர். இனி அந்தப் பேர் சொல்லுறதெண்டா என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பங்காளி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தோட்டத்துக்குப் போனார். அண்ணை பாத்திக்குள் குனிந்தபடியே நின்றார், நிமிரவில்லை.

நான் திரும்ப வாளியில் வந்து இருந்தேன். சின்ன முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றது. கண் வெட்டாமல் பார்த்தால் அசையாது போலிருந்தது. ஒருதரம் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பெரிய முள் மேலே ஏறியபோது அது எட்டில் சரியாக வந்து சேர்ந்தது. நிற்காமல் அப்பால் போகத் தொடங்கியது. முப்பத்தெட்டு வயதில் முதல் தரம் அதைக் கண்டேன்.

“நேரம் என்னடா?” என்று பாத்திக்குள் இருந்து அண்ணை கூப்பிட்டுக் கேட்டார்.

“எட்டேகால், அண்ணை.”

அவர் வந்து பார்க்கவில்லை. நான் சொன்னதை வைத்துக்கொண்டே வாய்க்காலை அடைத்தார்.